ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஒரு கொடி

அக்டோபர் 6, திங்கள்

இன்று ஐந்தாம் வகுப்பில் முப்பத்திரண்டு ரப்பர்களைப் பறிமுதல் செய்தேன். பிள்ளைகள் முப்பத்தொரு பேர்தான். ஒருவன் டவுசர் பையில் இன்னொன்றை ஒளித்து வைத்திருந்தான்.

கோடு சொல்லிக் கொடுக்க வந்த டிராயிங் டீச்சருக்கு முதல் எதிரி ரப்பர். ஒரு கோடு இழுப்பதற்குள் நான்கு தடவை அழிக்கிறார்கள். கடைசியில் தாளில் ஓட்டைதான் மிஞ்சுகிறது. தப்பாகப் போனால் போகட்டும், பக்கத்தில் இன்னொரு கோடு போடுங்கள் என்றேன். ரப்பர் டப்பாவைத் தூக்கிப் பீரோ மேல் வைத்ததும் பாதிப் பிள்ளைகளுக்கு முகம் செத்துவிட்டது.

படுத்த கோடு, நின்ற கோடு, சாய்ந்த கோடு என்று கரும்பலகையில் மூன்று போட்டேன். பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். படுத்த கோடு தூங்குகிறதாம். நின்ற கோடு அசெம்பிளியில் நிற்கிறதாம். முப்பிடாதி மட்டும் எழுந்து நின்று, சாய்ந்த கோட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, அது இன்னும் விழுந்து முடிக்கவில்லை என்றாள். பத்து வயதுப் பிள்ளை. நான் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்து வாங்கியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தலைமையாசிரியை லில்லி புஷ்பம் டீச்சர் சாயங்காலம் கூப்பிட்டார். பகுதிநேரத்திலிருந்து என்னை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போய்விட்டதாம். பன்னிரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று அரைநாள் வந்து போகிறேன். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள், ஸ்கூல் வேன்காரர் நாளைக்கு ஐந்து நிமிடம் முன்னால் வருவார் என்று பதில் சொன்னாள்.

அக்டோபர் 8, புதன்

இன்றைய பாடம்: கண்ணை எடுக்காமல் வரைவது. தாளைப் பார்க்கக் கூடாது. பொருளின் ஓரத்தில் கண் எறும்பு மாதிரி ஊர்ந்து போக வேண்டும், கையும் அதே வேகத்தில் கூடவே போக வேண்டும். தெரிந்ததை வரையாதே, பார்ப்பதை வரை. இதை எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை.

வெளியே தூறல். அதனால் மரத்துக்குப் பதிலாக வகுப்பின் பின்சுவரில் இருக்கும் சங்குப்பூக் கொடியையே வரையச் சொன்னேன். ஜூன் மாதம் நான் தீட்டியது. ஜன்னல் மூலையில் தொடங்கி, நெளிந்து, உத்தரக்கட்டை வரை ஏறும். நீலப் பூக்கள் நாற்பத்தேழு. ஊரில் யார் வந்தாலும் அதன் முன் நின்று போட்டோ எடுக்காமல் போவதில்லை.

முப்பிடாதியின் கொடி அருமை. ஆனால் நடுவில் இலை இல்லாத ஒரு கிளையை இழுத்து வைத்திருக்கிறாள். நான் அப்படி ஒன்று போடவில்லை. கேட்டால், "கொடி வளந்திருக்கு டீச்சர்" என்கிறாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிவப்பு மையில் ‘இல்லாததை வரையாதே’ என்று எழுதிப் பத்துக்கு ஆறு போட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

துணி காயவில்லை. மகளின் சீருடையை இஸ்திரிப் பெட்டியாலேயே காய வைத்தேன். நாளை அந்தச் சுவரை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

பார்த்தேன். கிளை இருக்கிறது.

முடி கனத்தில் ஒரு வெடிப்பு. என் கொடித் தண்டின் நடுவிலிருந்து பிரிந்து, வலப்பக்கம் சாய்வாக ஒரு முழம் போகிறது. அதற்கு இலையும் இல்லை, பூவும் இல்லை. நாற்காலி போட்டு ஏறினால்தான் எனக்கே தெரிந்தது. அந்தப் பிள்ளை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

என் கொடி வெறும் சுவரில் முளைக்கவில்லை. ஜூனில் பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று வாங்க வேண்டியிருந்தது. பின்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து உத்தரம் வரை சாய்வாக ஒரு வெடிப்பு. வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, பட்டி பூசி, மேலே ஏதாவது படம் போட்டுவிடுங்கள் என்று லில்லி புஷ்பம் டீச்சர் சொன்னார். நானே பட்டி பூசினேன். பூசிய பிறகும் லேசாக வரை தெரிந்தது. அது நெளிந்து போன விதம் கொடி மாதிரியே இருந்தது. அதையே தண்டாக வைத்துக்கொண்டேன். அந்த யோசனை வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். சான்று கொடுக்க வந்த என்ஜினியர் கொடிக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அறுபது வருடக் கட்டடத்தில் வெடிப்பு இல்லாத சுவர் ஏது. அன்று இப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

தெருவில் குடியிருக்கும் கொத்தனார் சங்கிலிப்பாண்டியிடம், தெரிந்தவர் வீட்டுச் சுவர் என்று சொல்லிக் கேட்டேன். கரிசல் மண் கோடையில் வாய் பிளக்கும், மழையில் பொம்மிக்கொண்டு மேலே தள்ளும், அதன் மேல் நிற்கிற சுவர் என்ன செய்யும் என்றார். வெடிப்பு பழசா, இன்னும் நடக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதாம். "குறுக்க ஒரு கோடு போட்டு வைங்க டீச்சர். கோடு ஒடஞ்சா செவுரு நடக்குன்னு அர்த்தம்."

மதிய இடைவேளையில் இலைகளுக்கு நடுவே, வெடிப்புக்குக் குறுக்காகப் பென்சிலால் ஒரு படுத்த கோடு போட்டேன். ஒரு சாண் நீளம். ஸ்கேல் வைத்து.

அக்டோபர் 15, புதன்

கோடு அப்படியே இருக்கிறது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிள்ளைகளுக்கு இன்று அழுத்தம் கற்றுக் கொடுத்தேன். பென்சிலை அமுக்கினால் கோடு கத்தும், தளர்த்தினால் ரகசியம் பேசும். அம்மா கூப்பிடும் சத்தத்தைக் கோடாகப் போடச் சொன்னேன். ஒருவனின் அம்மா தாளையே கிழித்துவிட்டாள். முப்பிடாதியின் அம்மா செல்லக்கனி தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்க்கிறவள். அவள் கூப்பிடுவதே இல்லையாம், வந்து நிற்பாளாம். ஒரு புள்ளியை வைத்துவிட்டு அதிலிருந்து மெதுவாகக் கனத்துக்கொண்டே வரும் ஒரு கோட்டைப் போட்டிருந்தாள். இதற்குப் பத்துக்குப் பத்து.

அக்டோபர் 17, வெள்ளி

கோடு உடைந்துவிட்டது.

இடப்பாதி இருந்த இடத்தில் இருக்கிறது. வலப்பாதி ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. மூன்று தடவை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை தப்பாகப் பார்த்தேனோ என்று.

நேரே லில்லி புஷ்பம் டீச்சரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. மார்ச்சில் ஓய்வு பெறுகிறவர். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். இந்த அறையைப் பூட்டினால் சான்று ரத்தாகும். சான்று ரத்தானால் நிர்வாகம் பள்ளியையே மூடும், நிலத்தை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நூற்று நாற்பது பிள்ளைகள் பஸ் ஏறி ஆறு மைல் போக வேண்டும், பாதிப் பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். இதெல்லாம் பொய்யில்லை. நவம்பர் பதினான்கு குழந்தைகள் தினத்துக்குத் தாளாளர் வருகிறார், அப்போது நேரில் பேசிப் புதுச் சுவருக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். அதுவரை?

"அதுவரைக்கும் அந்தக் கிளைக்கும் நாலு இலை போட்டு விட்டுருங்க. புள்ளைக பாத்துப் பயந்துரக் கூடாது."

என் கோப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அந்த அறையில் எங்கள் இருவரோடு அதுவும் உட்கார்ந்திருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் பிசுபிசுத்துப் போய்விட்டது. மகள் வெடிக்காத சரத்தை வெயிலில் போடச் சொல்கிறாள், வெயிலுக்கு நான் எங்கே போவேன்.

அக்டோபர் 22, புதன்

போட்டேன். நான்கு இல்லை, பதினோரு இலை. பூவும் இரண்டு. நன்றாக வந்திருக்கிறது.

மூன்று வாரம்தானே.

அக்டோபர் 24, வெள்ளி

நான் ஏன் அந்தச் சுவரை மறுபடி வரையச் சொன்னேன்? யாரும் கேட்கவில்லை. வேறு பாடம் எடுத்திருக்கலாம். கை எடுக்காமல் ஒரே கோட்டில் கொடியை முழுக்க வரையுங்கள் என்று வாய் சொல்லிவிட்டது.

முப்பிடாதி என் பதினோரு இலைகளையும் வரைந்திருந்தாள். ஒவ்வொரு இலையின் குறுக்கேயும் முடி கனத்தில் ஒரு கோடு ஓடுகிறது. காய்ந்து இரண்டு நாளாகாத பெயிண்ட் அதற்குள் பிளந்துவிட்டதா என்று சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நோட்டை வாங்க நான் கை நீட்டியதும் எழுந்து நின்றுகொண்டாள். அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ.

"இலைக்கு மேலேயும் இருக்கு டீச்சர். நீங்கதான பாக்கறத வரையச் சொன்னீங்க."

சரி, உட்கார் என்றேன். மதிப்பெண் போடவில்லை. என் பென்சில் கோட்டின் இரண்டு பாதிக்கும் நடுவில் இப்போது ஒரு தீக்குச்சி நுழைகிறது.

அக்டோபர் 29, புதன்

மழை. பின்சுவரை ஒட்டி வெளியே கெண்டைக்கால் தண்ணீர். தீக்குச்சி இரண்டு.

கடைசி இரண்டு வரிசைப் பிள்ளைகளை முன்னால் நெருக்கி உட்கார வைத்தேன். ஏன் என்று கேட்டார்கள். பலகை தெரியவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

லில்லி புஷ்பம் டீச்சரிடம் மறுபடி போய்ச் சொன்னேன். இரண்டே வாரம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். அவர் கண்ணும் தூங்கின கண்ணாக இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மகளின் அறைச் சுவரை இன்று எதற்கோ முழுக்கத் தடவிப் பார்த்தேன். என்னம்மா தேடுறே என்றாள். பல்லி என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று என் நாள் இல்லை. விடிந்ததிலிருந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன், மழைக்கு எந்தெந்த மாவட்டத்துக்கு லீவு என்று ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் மாவட்டம் வரவில்லை. மகளை வேனில் ஏற்றிவிட்டு, அடுப்பில் இருந்த குழம்பைப் பாதியில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

நாலாம் வகுப்பு அறை ஒழுகுகிறதென்று அந்தப் பிள்ளைகளையும் கொண்டுவந்து ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஐம்பத்தெட்டுப் பேர். பின்சுவரோடு முதுகு ஒட்டும்படி தரையில் ஒரு வரிசை. நான் முன்னுக்கு நகர்த்திய இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

என் பென்சில் கோட்டின் ஒரு பாதி கட்டை விரல் அகலம் கீழே இறங்கிக் கிடந்தது. ஒரு நீலப் பூ இரண்டாகப் பிரிந்து நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

சத்தம் போட்டால் ஒரே வாசலில் ஐம்பத்தெட்டுப் பேரும் முட்டிக்கொள்வார்கள். பலகை பக்கம் போய், இன்றைக்குக் காலால் கோடு வரையப் போகிறோம் என்றேன். பென்சில் வேண்டாம், பை வேண்டாம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கோடு அறுந்துவிடாமல் சத்துணவுக்கூடம் வரை போக வேண்டும், பேசினால் கோடு அழிந்துவிடும். சுவரோடு உட்கார்ந்திருந்தவர்களை முதலில் எழுப்பினேன். முப்பிடாதியைக் கடைசியில் நிறுத்தினேன், அவள் பதறமாட்டாள் என்று. அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், முன்னால் நின்ற பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டுப் பேரும் வாசலைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. நான் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

வரிசை சத்துணவுக்கூடத்தை எட்டுவதற்குள் லில்லி புஷ்பம் டீச்சர் குடையோடு ஓடி வந்தார். யாரைக் கேட்டு வெளியே கொண்டுவந்தீர்கள், எல்லாரும் உள்ளே போங்கள் என்றார். நான் நகரவில்லை. மழைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்திருந்த தாய்மார் ஏழெட்டுப் பேர் பள்ளி கேட் அருகே நின்று பார்த்தார்கள். அவர்களிடம் அவர் சிரித்த முகமாக, டிராயிங் டீச்சருக்கு மழை என்றால் பயம், சான்று வாங்கின கட்டடம்தான், ஒன்றுமில்லை என்றார். அவர்களும் தலையாட்டினார்கள். தலைமையாசிரியை சொன்னால் எடுபடும், வாரத்தில் மூன்று அரைநாள் வருகிறவள் சொன்னால் எடுபடுமா? பிறகு என் பக்கம் குனிந்து சொன்னார்.

"பட்டி வச்சது யாருன்னு நான் சொல்லணுமா? வேண்டாம் டீச்சர். உள்ள அனுப்புங்க."

அவர் குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் ஒரு நொடி கண் முன்னால் வந்து நின்றது. வரவில்லை என்று எழுத ஆசை, ஆனால் வந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மழைக்கு ஒதுங்க மறுபடி அந்த வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"அந்த வெடிப்ப மூடினது நாந்தான்" என்றேன். "ஜூன்ல பட்டி பூசி மேல படம் போட்டேன். போன மாசம் திரும்ப வெடிச்சது, அதுக்கும் இலை போட்டேன். செவுரு நிக்காது. புள்ளைகள உள்ள விடாதீங்க."

ஒருத்தி ஓடிப் போய் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மற்றவர்கள் அசையவில்லை. முப்பிடாதியின் அம்மா செல்லக்கனி, தலையில் மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, கையில் தீப்பெட்டி ஆபீஸ் மருந்து அப்பியபடி என் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒங்க மக எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கா டீச்சர்?"

பெயரைச் சொன்னேன். டவுனில் இருக்கும் அந்தப் பள்ளிக்கு மூன்று மாடி, லிப்ட் உண்டு. செல்லக்கனி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் பள்ளி காலியானது.

நவம்பர் 5, புதன்

மதியம் மூன்று பத்துக்குப் பின்சுவர் உள்பக்கமாக விழுந்தது. உத்தரமும் ஓடும் கூடவே வந்துவிட்டன. பள்ளி விடுவது நான்கு பத்துக்கு.

அறைக்குள் பதினாறு பெஞ்சில் ஒன்றுகூட முழுசாக இல்லையாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

எனக்குச் சால்வை போட வந்தார்கள். ஊர்க் கமிட்டியிலிருந்து நான்கு பேர், பிள்ளைகளைக் காப்பாற்றிய டீச்சர் என்று. அன்று கேட் அருகே இல்லாதவர்கள். விவரத்தைச் சொன்னதும் சால்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். இந்த மூன்று வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஜூன், பட்டி, பதினோரு இலை, தேதிகள். வெளியே வராந்தாவில் லில்லி புஷ்பம் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தற்காலிக நீக்கம் செய்திருக்கிறார்கள். "நான் ஒங்க பேர எழுதல. நீங்களே எழுதிட்டீங்களே" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இருவரும் யாருக்காக அழுதோம் என்று எனக்கு விளங்கவில்லை.

என் கோப்பு திரும்பி வந்துவிட்டது. இந்த வாரத்தோடு சரி, இனி நான் போக வேண்டாம்.

நவம்பர் 12, புதன்

வகுப்புகளைச் சமுதாயக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். வண்ணங்கள், தூரிகைகளை ஒப்படைக்க இன்று போனேன். காலையிலேயே சங்கிலிப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாயிற்று. தட்டிப் பார்த்து, நூல் பிடித்துப் பார்த்து, இன்னும் ஐம்பது வருடம் நிற்கும் என்றார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாயில் உட்காராமல் வாசலிலேயே நின்றார்கள். புது டீச்சர் எவ்வளவு சொல்லியும் உள்ளே வரவில்லை. நான் போய், "செவுரெல்லாம் நான் பாத்துட்டேன், நல்லா இருக்கு. போய் உக்காருங்க" என்றேன்.

முப்பிடாதி எப்போதும் போல மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டுதான் சொன்னாள்.

"நாங்களும் ஒருக்கா பாத்துக்கிடுதோம் டீச்சர்."

சுவருக்கு எட்டுப் பேராகப் பிரித்து நிறுத்தினாள். ஒரு சுவருக்கு ஏழு பேர்தான் வந்தது, அதில் தானே நின்றுகொண்டாள். முப்பத்தொரு பிள்ளைகளும் மூக்கு உரச நின்று, தரையிலிருந்து எட்டும் உயரம் வரை, கண்ணை எடுக்காமல் மெதுவாக, மிக மெதுவாகப் பார்த்தார்கள். நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர்கள் இவ்வளவு நன்றாக ஒரு நாளும் செய்ததில்லை. வாசலில் வண்ணப் பெட்டியோடு நின்ற என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபப்பட எனக்கு உரிமை இல்லை, வருத்தப்படவும் இல்லை, ஆனாலும் வலித்தது.

இருபது நிமிடம் ஆனது. முப்பிடாதி நான்கு சுவரிலும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் இல்லை, உட்காரலாம் என்றாள். அவள் சொன்ன பிறகு உட்கார்ந்தார்கள்.